காடு இருந்தால்தான் பாட்டு இருக்கும்
பிளிகிரிரங்கன் மலைச் சோளகர்கள்

மைசூரிலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதை நஞ்சன்கூட்டைத் தாண்டி, சாம்ராஜ்நகரில் போய் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. அந்தப் பாதையைச் சத்தியமங்கலம் வரை நீட்ட வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. நீட்டினால் கோவைக்கும் ஈரோட்டுக்கும் போகிறவர்களுக்கு எத்தனையோ மணி நேரம் மிச்சமாகும். ஆனால் குறுக்கே காடு நிற்கிறது. யானையும் புலியும் உலவும் காடு. பல தலைமுறைகளாக மனிதர்களும் வாழ்ந்துவரும் காடு.

சாம்ராஜ்நகருக்குக் கிழக்கே தெரியும் நீல மலைத்தொடர்தான் பிளிகிரிரங்கன் மலை. 'பிளி' என்றால் கன்னடத்தில் வெள்ளை; 'கிரி' என்றால் மலை. வெள்ளைப் பாறை தெரியும் செங்குத்தான முகட்டின் மேல் ரங்கநாத சுவாமி கோயில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோத்துக்கொள்ளும் இடம் இது என்று புவியியல் படித்தவர்கள் சொல்வார்கள். கீழே முள்காடு, மேலே சோலை, அதற்கும் மேலே புல்வெளி என்று ஒரே நாளில் பல விதமான காடுகளைப் பார்த்துவிடலாம்.

எளந்தூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் மலைப்பாதை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்தும் மைசூரிலிருந்தும் கூட்டம் வருகிறது. கோயிலில் கும்பிட்டு, பாறை விளிம்பில் நின்று காற்று வாங்கி, குரங்குக்குப் பழம் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுகிறார்கள். வழியில் மரங்களுக்கு நடுவே தெரியும் சிறு வீடுகள் யாருடையவை என்று கேட்பவர்கள் குறைவு.

அவை சோளகர்களின் வீடுகள். கன்னடத்தில் 'சோலிகரு' என்பார்கள். கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய இரண்டு மாநிலங்களிலும் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றவர்கள். பிளிகிரிரங்கன் மலை, மாதேஸ்வரன் மலை, இந்தப் பக்கம் நமது சத்தியமங்கலம் மலை எல்லாம் அவர்கள் வாழும் இடங்கள். மாநில எல்லைக் கோடு பிற்பாடு வந்தது. அவர்கள் அதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். திப்பு சுல்தான் வீழ்ந்த மறு வருஷம், அதாவது 1800ல், கம்பெனி சர்க்காருக்காக மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன் என்ற வெள்ளைக்கார டாக்டர் தமது பயண நூலில் இவர்களைக் குறிப்பிட்டிருக்கிறார்.

தாங்கள் மூங்கிலிலிருந்து பிறந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. பேசும் மொழி கன்னடத்துக்கு நெருங்கியது. தமிழ்ச் சாயலும் உண்டு. எழுத்து கிடையாது. பாட்டிலும் கதையிலும் பேச்சிலுமே அது வாழ்கிறது. எனவே, பாடுகிறவர் இல்லாமல் போனால் அந்த மொழியில் ஒரு பகுதி போய்விடும். காட்டுக்குள் நடக்கிறவர் இல்லாமல் போனால் இன்னொரு பகுதி போய்விடும்.

போடு என்னும் ஊர்

சோளகர் ஊருக்குப் 'போடு' என்று பெயர். தமிழ்நாட்டுப் பக்கம் 'தொட்டி' என்கிறார்கள். ஹொசபோடு, புராணி போடு, எரகனகத்தெ, கொம்பேகல்லு என்று இந்த மலையிலும் அடிவாரத்திலுமாக அறுபதை ஒட்டிய போடுகள் உள்ளன. சிலவற்றில் நூறு வீடுகளும் இருக்கும். சிலவற்றில் பத்து, பதினைந்துதான் இருக்கும்.

முன்பெல்லாம் போடு ஒரே இடத்தில் நிலைத்து இருந்ததில்லை. காட்டில் ஒரு துண்டைத் திருத்தி, ராகியும் அவரையும் கடுகும் பூசணியும் கலந்து விதைப்பார்கள். சில வருஷம் கழித்து அந்த நிலத்தை ஆறவிட்டு வேறு பக்கம் போவார்கள். விட்ட இடத்தில் காடு மறுபடி எழும்பும். ஏர் கிடையாது, எரு கிடையாது. மண்ணுக்குக் கொடுக்கும் ஓய்வுதான் எரு.

சாப்பாட்டுக்கு ராகி. மீதி எல்லாம் காடு தரும். கிழங்கு, கீரை, காளான், நெல்லி, தேன். நம் வீடுகளில் ஊறுகாய் போடும் மாகாளிக் கிழங்கு கூட இந்த மலைகளில் தோண்டி எடுக்கப்படுவதுதான்; 'மாகாளி பேரு' என்பார்கள். பெங்களூர் மல்லேஸ்வரம் கடைத்தெருவில் கூறு கட்டி விற்பதைப் பேரம் பேசி வாங்குகிற நம்மவர்களுக்கு, அதைத் தோண்டியவர் யார் என்று தெரிய நியாயமில்லை.

தேனீயில் நாலு வகையைச் சோளகர் பிரித்துச் சொல்கிறார்கள். உயர்ந்த மரக்கிளையிலும் பாறை முகட்டிலும் பெரிய அடை கட்டும் மலைத்தேனீக்கு 'ஹெஜ்ஜேனு' என்று பெயர். பொந்தில் கட்டுவது, புதரில் கட்டுவது, கொசு போலச் சிறியது என்று மற்றவை. எந்த மாதம் எந்த மரம் பூக்கும், அந்தப் பூவில் எடுத்த தேன் இனிக்குமா கசக்குமா என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். சோளக மொழியை ஆராய்ந்த ஔங் சீ என்ற மொழியியல் அறிஞர், இந்தக் காட்டறிவு பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதி 2016ல் வெளியிட்டார்.

தேன் எடுக்கும்போது அடை முழுவதையும் வழித்து எடுப்பதில்லை. ஒரு பகுதியை விட்டுவிடுவார்கள். ஈ திரும்பி வர வேண்டுமே! நெல்லிக்காய் பறிக்கும்போதும் மரத்தை மொட்டையடிக்க மாட்டார்கள். பறவைக்கும் மானுக்கும் அதில் பங்கு உண்டு. இதைப் புண்ணியம் என்று அவர்கள் சொல்வதில்லை. அடுத்த வருஷமும் காடு தர வேண்டும் என்ற கணக்கு அது.

மச்சான் சாமி

மலை உச்சியில் இருக்கும் ரங்கநாதருக்கும் சோளகருக்கும் உள்ள உறவு சுவாரசியமானது. ரங்கநாதர் குசுமாலை என்ற சோளகப் பெண்ணின் மேல் ஆசை வைத்து, அவளைக் கல்யாணம் செய்துகொண்டார் என்பது கதை. தங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டியவர் என்பதால் சோளகருக்கு அவர் 'பாவா', அதாவது மச்சான்! ஊர் உலகம் எல்லாம் 'சுவாமி' என்று கை கூப்பும்போது, இவர்கள் மட்டும் உரிமையோடு முறை சொல்லி அழைக்கிறார்கள். சித்திரைத் தேர்த் திருவிழாவுக்குச் சோளகக் குடும்பங்கள் மலையேறி வருவது, பெண் கொடுத்த வீட்டார் வருவது போல.

ஆனால் அவர்களுடைய தெய்வங்கள் அந்தக் கோயிலோடு நின்றுவிடவில்லை. காட்டுக்குள் பார்கவி ஓடைக் கரையில் மிகப் பெரிய சண்பக மரம் ஒன்று நிற்கிறது. அதற்குத் 'தொட்டசம்பிகே', பெரிய சண்பகம், என்று பெயர். அடிமரத்தைச் சுற்றி வர நேரம் பிடிக்கும். ஆயிரக்கணக்கான வருஷ மரம் என்று அவர்கள் நம்புகிறார்கள். அடியில் வரிசை வரிசையாகக் கற்கள். அதுதான் சன்னதி. கோபுரம் இல்லை, மதில் இல்லை, பூட்டும் இல்லை. புலிக்கும் 'ஹுலிவீரப்பா' என்று ஒரு சாமி இருக்கிறது. புலியைச் சாமியாகக் கும்பிடுகிறவர்களுக்கு அதைக் கொல்ல மனம் வராது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ராகி அறுவடை முடிந்ததும் 'ரொட்டி ஹப்பா' என்ற பண்டிகை வரும். புது ராகி மாவில் ரொட்டி சுட்டு, பூசணிக் குழம்போடு சாமிக்குப் படைத்து, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இருட்டியதும் நெருப்பு மூட்டி, ஆணும் பெண்ணும் சுற்றி நின்று பாடி ஆடுவார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பாட்டில் மரம் வரும், பறவை வரும், யானை வரும், மச்சான் சாமியும் வருவார். விடியும்வரை நடக்கும்.

எல்லை என்றால் என்ன?

சோளகர் பல குலங்களாகப் பிரிந்தவர்கள். ஒரே குலத்தில் கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஒவ்வொரு குலத்துக்கும் காட்டில் ஒரு பகுதி உண்டு. அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'எல்லெ'. நம்முடைய 'எல்லை' என்ற சொல்லேதான்! தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஒவ்வொரு எல்லைக்குள்ளும் ஐந்து வகையான இடங்கள் இருக்கும். தெய்வம் உறையும் தேவரு, மாரம்மா, காவல் வீரன் போன்ற வீரு, நீர் ஊற்றெடுக்கும் அப்பி, இறந்தவர்களுக்காகக் கல் வைக்கும் கல்லுகுடி. குலத்தில் ஒருவர் இறந்தால் அந்தக் குலத்தின் கல்லுகுடிக்குப் போக வேண்டும். சாமிக்குப் படைப்பதென்றால் அந்தக் குலத்தின் தேவருக்குப் போக வேண்டும். வேறு இடத்தில் வைத்துச் செய்துவிட முடியாது.

பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் பத்ராவதியிலும் குடியேறி முப்பது நாற்பது வருஷம் ஆன நம் குடும்பங்களைப் பாருங்கள். ரேஷன் கார்டு இங்கே, வேலை இங்கே, பிள்ளைகளின் படிப்பு இங்கே. ஆனால் முதல் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் குலதெய்வத்தைத் தேடி வேலூர்ப் பக்கமோ தர்மபுரிப் பக்கமோ போகாமல் இருக்கிறோமா? லீவு போட்டு, கடன் வாங்கியாவது போகிறோம். அங்கே போனால் ஒரு வேலி போட்டு, 'உள்ளே வராதே, வந்தால் கேஸ்' என்று ஒருவர் தடுத்தால் எப்படி இருக்கும்?

சோளகருக்கு அதுதான் நேர்ந்தது.

சட்டம் வந்தது

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974ல் பிளிகிரிரங்கன் மலைக் காடு வனவிலங்கு சரணாலயம் ஆயிற்று. பின்னர் விரிவாக்கப்பட்டு, 540 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளதாயிற்று. வேட்டை நின்றது; மரக் கடத்தலுக்குக் கெடுபிடி வந்தது. அதெல்லாம் நல்லதுதான். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் இந்த மலையில் இன்றைக்குக் காடு என்று சொல்ல எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது சந்தேகமே.

ஆனால் அதோடு சேர்ந்து வேறு சிலவும் நின்றன. இடம் மாற்றி விதைப்பது நின்றது. காட்டுக்குள் சிதறிக் கிடந்த போடுகளைச் சாலையோரக் காலனிகளுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லைகளில் பல, காவலரின் அனுமதி இல்லாமல் நுழைய முடியாத காட்டுக்குள் போய்விட்டன. பல தலைமுறையாகக் காட்டுக்குச் சொந்தக்காரராக நடந்தவர் ஒரே இரவில் அத்துமீறி நுழைபவர் ஆனார்.

சர்க்கார் இவர்களைப் பட்டினி போட்டுவிடவில்லை. 'லாம்ப்ஸ்' என்ற பழங்குடிக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் தேன், நெல்லி, சீயக்காய், கற்பாசி, கடுக்காய் சேகரித்து விற்க வழி செய்யப்பட்டது. பல குடும்பங்களுக்கு வருமானத்தில் பெரும் பகுதி அதில்தான் வந்தது. ஆனால் 2002ல் சட்டம் திருத்தப்பட்டது. சரணாலயத்திலிருந்து வியாபாரத்துக்காக எதையும் எடுக்கக் கூடாது என்று ஆயிற்று. சில வருஷத்தில் அந்தத் தடை இந்த மலைக்கும் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு ஒரு கூடை எடுத்தால் சரி. சந்தைக்கு எடுத்தால் குற்றம். பிழைப்புக்குக் குடகுக் காப்பித் தோட்டங்களுக்கும் அடிவாரக் கூலி வேலைக்கும் போக ஆரம்பித்தார்கள்.

இதற்கு நடுவே வீரப்பன் காலம் வேறு. ஒரு பக்கம் அவன், மறு பக்கம் இரு மாநில அதிரடிப் படை. இரண்டுக்கும் இடையே மலைவாசிகள் அகப்பட்டுக்கொண்டார்கள். விசாரணை என்ற பெயரில் நடந்த கொடுமைகள் பற்றி விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தர 2007ல் ஆணையம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கச் சோளகர் பட்ட பாட்டை ச. பாலமுருகன் 'சோளகர் தொட்டி' என்ற நாவலாக எழுதினார். 2004ல் அந்த நாவல் வெளிவந்தது. வீரப்பன் கொல்லப்பட்டதும் அதே வருஷம்தான்.

நெருப்பும் உண்ணிச்செடியும்

காட்டைக் காப்பாற்றுவதற்காக மனிதரை ஒதுக்கினார்கள். காடாவது காப்பாற்றப்பட்டதா? இங்கேதான் கதை வேறு பக்கம் திரும்புகிறது.

கோடை முற்றுவதற்கு முன், தை, மாசியில், உதிர்ந்த சருகுக்குச் சோளகர் நெருப்பு வைப்பது வழக்கம். 'தரகு பெங்கி' என்பார்கள், சருகு நெருப்பு. அந்த மாதத்தில் தரையில் ஈரப்பசை இருக்கும். தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாது. சருகு எரியும், மரம் எரியாது. பின்னர் மழை விழுந்ததும் புல் முளைக்கும். மானும் காட்டெருமையும் மேய வரும்.

வன இலாகாவின் கண்ணுக்கு எந்த நெருப்பும் நெருப்புதான். காட்டுத் தீயைக் கண்டு பயப்படுவது அவர்கள் கடமை. எனவே தடை போட்டார்கள். தடை போட்டதும் உண்ணிச்செடி பெருகியது.

சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் உண்ணிச்செடியை எல்லோரும் பார்த்திருப்போம். ரயில் பாதை ஓரமெல்லாம் அதுதான். அது நம் நாட்டுச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. முன்பு வருஷா வருஷம் வரும் சருகு நெருப்பு அதன் கன்றுகளைப் பொசுக்கிவிடும். நெருப்பு நின்றதும் தட்டிக் கேட்க ஆளில்லை. ஆள் உயரத்துக்குப் புதராக எழும்பி, புல்லையும் மரக்கன்றையும் மூடிவிட்டது. 1997ல் ஆராய்ச்சியாளர்கள் இந்தக் காட்டில் பல இடங்களை அடையாளமிட்டுக் கணக்கெடுத்தார்கள். 2008ல் மறுபடி எடுத்தபோது, உண்ணி காணப்பட்ட இடங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தன.

இப்போது அந்தப் புதரில் கோடை முற்றிய பிறகு தீப்பிடித்தால், அது முழங்கால் உயரத்தோடு நிற்பதில்லை. மரத்தின் தலைக்கே ஏறுகிறது.

நெல்லி மரங்களிலும் அப்படித்தான். புல்லுருவி பற்றிய மரங்கள் கூடிவிட்டன, காய் குறைந்துவிட்டது, நெருப்பு நின்றதுதான் காரணம் என்று சோளகர் சொல்லிவந்தார்கள். படிக்காதவர் பேச்சு என்று அதை ஒதுக்கிவிடாமல், சில விஞ்ஞானிகள் அவர்களோடு காட்டுக்குள் போய்ச் சோதித்துப் பார்த்தார்கள். புல்லுருவி பிடித்த நெல்லி மரம் காய்ப்பது குறைகிறது, மரமே சாகிறது என்பது உறுதியாயிற்று. சோளகர் சொன்ன காரணத்தையும் அறிவியல் இதழ்கள் மதித்து வெளியிட்டன.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. சோளகர் பழக்க வழக்கம் என்று எதைச் சொல்கிறோமோ, அது காட்டைப் பராமரிக்கும் வேலையும்கூட. வேலையைப் பறித்துவிட்டு வழக்கத்தை மட்டும் காப்பாற்ற முடியாது.

டாக்டர் வந்தார்

இந்த மக்களின் வாழ்க்கையில் நல்ல திருப்பமாக வந்தவர்களில் டாக்டர் எச். சுதர்சன் முக்கியமானவர். பெங்களூரில் மருத்துவம் படித்த அந்த இளைஞர், பட்டணத்தில் கிளினிக் வைக்காமல் இந்த மலைக்கு வந்தார். 1981ல் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அவரைக் கண்டதும் மலைவாசிகள் ஓடி ஒளிந்துகொண்டார்களாம். ஆஸ்பத்திரி வந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் வந்தது. 1994ல் 'ரைட் லைவ்லிஹுட்' என்ற சர்வதேச விருதும், 2000ல் பத்மஸ்ரீயும் அவருக்குக் கிடைத்தன.

அந்தப் பள்ளியில் படித்த சோளகப் பிள்ளைகளில் சிலர் பிற்காலத்தில் ஆசிரியர்கள் ஆனார்கள், நர்சுகள் ஆனார்கள். ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர்களும் சோளகர்களில் இருக்கிறார்கள். கோர்ட்டில் சட்டம் பேசவும், கலெக்டர் ஆபீசில் மனு எழுதவும் தெரிந்த தலைமுறை ஒன்று போடுகளில் உருவாயிற்று. இது பெரிய விஷயம். ஏனென்றால் அடுத்து நடந்தது அவர்களால்தான் நடந்தது.

பெரியவர்கள் போட்ட வரைபடம்

2006ல் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அங்கே பாத்தியதை உண்டு என்று முதல் தடவையாகச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் 'இது எங்கள் காடு' என்று வாயால் சொன்னால் போதுமா? அத்தாட்சி வேண்டுமே! பட்டா கிடையாது, கல்வெட்டு கிடையாது.

சோளகப் பெரியவர்கள் காட்டுக்குள் நடந்தார்கள். கூடவே அவர்களுடைய படித்த பிள்ளைகளும், பெங்களூரைச் சேர்ந்த 'ஏட்ரீ' ஆராய்ச்சி நிறுவனத்தாரும் நடந்தார்கள். இது எங்கள் குலத்து மாரம்மா, இது வீரு, இது எங்கள் பாட்டன் கல், இது ஊற்று என்று பெரியவர்கள் காட்டக் காட்ட, கருவியில் இடம் குறித்துக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கான இடங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படமாகப் போட்டபோது, வன இலாகாவின் சரகங்களும் பீட்டுகளும் இருந்த அதே காகிதத்தில் குலங்களின் எல்லைகள் எழுந்து நின்றன. வெறும் காடு என்று நினைத்த இடமெல்லாம் பெயர் பெற்ற இடங்களாக இருந்தன!

அந்த நேரத்தில்தான் இன்னொரு பரபரப்பு. 2011 ஜனவரியில் இந்தக் காடு புலிகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புலிக் காடு என்றால் மனிதரை வெளியேற்றுவார்களே என்று போடுகளில் ஒரே கலக்கம். மனுவும் கூட்டமும் போராட்டமுமாக மாதங்கள் கழிந்தன. கடைசியில் அதே 2011ஆம் வருஷத்தில் 25 கிராம சபைகளுக்குச் சமுதாய வன உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் வாழும் பழங்குடியினருக்கு இப்படி உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. தேன் எடுக்கலாம், நெல்லி பறிக்கலாம், விற்கலாம். தங்கள் தெய்வ இடங்களுக்குப் போகலாம். காட்டைக் காக்கும் பொறுப்பிலும் பங்கு உண்டு.

மனிதர் இருந்தால் புலி ஓடிவிடும் என்று சிலர் சொன்னார்கள். 2010க்கும் 2014க்கும் இடையே இங்கே புலிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று என்பது அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் வந்த செய்தி. சோளகர் எங்கேயும் போய்விடவில்லை. புலியும் போகவில்லை.

தீராத சங்கதிகள்

இதோடு எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. உரிமைப் பத்திரம் கைக்கு வந்தாலும் சருகு நெருப்புக்கு அனுமதி இல்லை. உண்ணிப் புதர் மூடிய காட்டில் முன்போல நடந்து நெல்லி பறிக்க முடிவதில்லை. மாதேஸ்வரன் மலைப் பக்கத்தில் சோளகர் அந்த உண்ணிக் கம்புகளையே வெட்டி, வேகவைத்து, நாற்காலியும் கூடையும் பின்னி விற்கக் கற்றுக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அறுத்தெடுப்பதைவிட வேகமாக அது வளர்கிறது.

போடுகளில் ராகி குறைந்து காப்பிச் செடி கூடியிருக்கிறது. காப்பி பணம் தரும். யானை அதை அதிகம் தொடாது. ராகி விளைந்தால் யானைக்கும் பன்றிக்கும் விருந்து. ரேஷன் கடையில் அரிசி கிடைக்கிறது. புது ராகி வராத வீட்டில் ரொட்டி ஹப்பாவுக்கு எந்த மாவு? கடை மாவில் ரொட்டி சுட்டாலும் பண்டிகை நடக்கும்தான். ஆனால் என்ன அறுத்ததற்காக அந்தப் பண்டிகை என்று பேரப்பிள்ளை கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் கன்னடப் பள்ளியில் படிக்கிறார்கள், செல்போன் வைத்திருக்கிறார்கள், பட்டணத்து வேலைக்குப் போகிறார்கள். அதைக் குறை சொல்ல ஊரை விட்டு வந்த எவருக்கும் வாயில்லை. சோளகப் பையன் சட்டை போட்டுக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வதால் அவன் பண்பாடு கெட்டுவிடாது. அவன் திரும்பி வரும்போது நடந்து போக ஒரு எல்லை இருக்கிறதா, அதைக் காட்டித் தர ஒரு தாத்தா இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

சோளகர் ஆட்டத்தைச் சர்க்கார் விழா மேடைகளில் பார்க்கலாம். ஒரே மாதிரி உடுத்தி, பத்து நிமிஷம் ஆடி, பொன்னாடை வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். கூட்டம் கை தட்டும். பழங்குடிக் கலையைக் காப்பாற்றிவிட்டோம் என்று தலைவர்கள் பேசுவார்கள். தப்பில்லை, கூலியும் கௌரவமும் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பாட்டில் வரும் மரத்தைப் பாடுகிறவர் நேரில் போய்ப் பார்க்க வழி இருந்தால்தான், மேடையிலிருந்து இறங்கிய பிறகும் அது பாட்டாக இருக்கும்.

புதிதாகக் கண்டுபிடித்த ஒரு குளவிப் பேரினத்துக்கு விஞ்ஞானிகள் 'சோலிகா' என்று பெயர் வைத்தார்கள். இந்த மக்களுக்குச் செய்த மரியாதை அது. பூச்சிக்குப் பேர் வைக்கும் புத்தகத்திலும் அவர்கள் பேர் ஏறிவிட்டது. அவர்களாகவே பேர் வைத்த ஊற்றுகளும் கற்களும் அதைவிடப் பழையவை.

கோயிலுக்குப் போகிறவர்கள் சில சின்ன விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளலாம். தேன் வாங்குவதானால் பழங்குடியினரின் சங்கத்துக் கடையில் வாங்கினால் காசு அவர்களுக்குப் போய்ச் சேரும். பிளாஸ்டிக் பையையும் பாட்டிலையும் கீழேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். போடுகளுக்குள் அழைப்பில்லாமல் நுழைந்து போட்டோ பிடிப்பது, அடுத்தவர் வீட்டு அடுப்பங்கரையில் எட்டிப் பார்ப்பதற்குச் சமம். காட்டு வழியில் மரத்தடியில் பொட்டு வைத்த கல் ஏதாவது கண்ணில் பட்டால், அது வெறும் கல்லென்று நினைத்து உட்கார்ந்துவிட வேண்டாம். அது யாரோ ஒருவருடைய பாட்டனாக இருக்கும்.